புத்தகம் முடியும் இடம்

நுழையும்முன்

சதுரங்க ஆட்டத்தின் முதல் பத்துப் பதினைந்து நகர்வுகளைத் தேர்ந்த வீரர்கள் பலகையின் முன் அமர்ந்து கண்டுபிடிப்பதில்லை, நினைவிலிருந்தே ஆடுகின்றனர். அப்படியானால் சதுரங்கம் அறிவின் விளையாட்டா, மனப்பாடத்தின் விளையாட்டா? இந்த வினா ஆடுகளத்தோடு நின்றுவிடுவதில்லை, வகுப்பறைக்குள்ளும் நுழைகிறது. விசுவநாதன் ஆனந்த் ஆடிய ஓர் ஆட்டத்தின் வழியே அதற்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

பழிக்கப்படும் ஒரு சொல்

கல்வியைப் பற்றிப் பேசும் மேடைகளில் இன்று மிக எளிதாகப் பழிக்கப்படும் சொல் ‘மனப்பாடம்’ என்பது. “மனப்பாடம் செய்யாதே, புரிந்து படி” என்று ஆசிரியர் கூறுகின்றனர்; பெற்றோரும் அதையே கூறுகின்றனர். நினைவும் சிந்தனையும் ஒன்றுக்கொன்று பகை என்பதுபோலவும், ஒன்று வளர்ந்தால் மற்றொன்று தேய்ந்துவிடும் என்பதுபோலவும் ஓர் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அதே வேளையில், தேர்வு நெருங்கியதும் வினா விடைக் குறிப்பேடுகளை வரி பிசகாமல் உருப்போடுமாறு மாணவரைத் தூண்டுவோரும் நாமே. சொல்லில் ஒன்று, செயலில் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்டுக் குழம்புபவர் மாணவர்.

நினைவாற்றல் சிந்தனைக்குப் பகை அன்று. பொருளுணராத நினைவே பகை என்பது என் கருத்து. இவ்வேறுபாட்டை விளக்குவதற்குச் சதுரங்கத்தின் தொடக்க ஆட்டத்தைவிடச் சிறந்த களம் கிடைப்பது அரிது.

தொடக்கம் என்னும் கலை

சதுரங்க ஆட்டத்தைத் தொடக்கம், இடையாட்டம், இறுதியாட்டம் என மூன்றாகப் பகுப்பது மரபு. முதல் நகர்வில் வெள்ளைக்கு இருபது வழிகள் உண்டு, கறுப்புக்கும் இருபது. ஆளுக்கு ஒரு நகர்வு முடிந்தவுடன் நானூறு நிலைகள் தோன்றக்கூடும். ஆளுக்கு இரண்டு நகர்வுகள் முடிவதற்குள் ஆட்டம் செல்லக்கூடிய வழிகளின் எண்ணிக்கை 1,97,281. இவை அனைத்தையும் எவராலும் மனத்தில் ஏற்ற முடியாது. ஏற்றுவதால் பயனும் இல்லை. பல நூற்றாண்டுகளாக ஆடியவர்கள் இவ்வழிகளுள் நல்லனவற்றைத் தேர்ந்து, பெயரிட்டு, நூல்களில் பதிந்து வைத்துள்ளனர். சிசிலியன் தற்காப்பு, அரசியின் பலியாட்டம், ஸ்லாவ் தற்காப்பு முதலியன அவ்வாறு பெயர்பெற்ற தொடக்கங்கள். வீரர்கள் இவற்றைக் கற்று நினைவில் கொள்வதை ‘புத்தகம் ஆடுதல்’ என்பர். நூலில் உள்ள நகர்வுகள் தீர்ந்து, வீரர் தம் அறிவை மட்டுமே நம்ப வேண்டிய கட்டம் ஒன்று வரும். அதுவே புத்தகம் முடியும் இடம்.

நெதர்லாந்தின் வடகடற்கரையில் விக் ஆன் ஜீ என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே ஆண்டுதோறும் நடைபெறும் புகழ்பெற்ற போட்டியில், 2013 சனவரி 15 அன்று ஆர்மீனியாவின் லெவோன் அரோனியனும் அப்போது உலக வாகையராக விளங்கிய நம் ஆனந்தும் மோதினர். அரோனியனுக்கு வெள்ளைக் காய்கள், ஆனந்துக்குக் கறுப்பு. உலகின் முன்னணி வீரர்களுள் ஒருவரான அரோனியன், வெள்ளைக் காய்களோடு ஆடியும், இருபத்து மூன்றே நகர்வுகளில் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அடைபட்ட மந்திரி

அன்று ஆடப்பட்ட தொடக்கத்துக்குச் செமி ஸ்லாவ் என்று பெயர். அதிலும் மெரான் என்னும் கிளைவழி. 1924ஆம் ஆண்டு இத்தாலியின் மெரான் நகரில் நடைபெற்ற போட்டியில் எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்டுக்கு எதிராக அகிபா ரூபின்ஸ்டைன் என்னும் போலந்து நாட்டு மேதை இவ்வழியைக் கையாண்டு வென்றார். அந்நகரின் பெயரே வழிக்கும் பெயராயிற்று.

இத்தொடக்கத்தில் கறுப்புக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. நடுக்களத்தைக் காப்பதற்காகச் சிப்பாய்களை அடுத்தடுத்து நிறுத்துவதால், அரசியின் பக்கத்து மந்திரி தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே அடைபட்டுப்போகிறது. கோட்டை வலிமையானது, ஆனால் அக்கோட்டைக்குள் ஒரு வீரன் சிறையிருக்கிறான். மெரான் வழியின் நோக்கம் முழுவதும் அம்மந்திரியை விடுவிப்பதே. வெள்ளையின் சிப்பாய் ஒன்றை வெட்டி, அதனால் முன்வரும் வெள்ளை மந்திரியைப் பக்கத்துச் சிப்பாயால் விரட்டி, அச்சிப்பாய் விட்டுச்சென்ற கட்டத்தில் தன் மந்திரியை நிறுத்தி, பிறகு அதன் பார்வையை மறைக்கும் சிப்பாயை ஓரடி முன்னே தள்ளினால் மூலைவிட்டம் முழுதும் திறந்துவிடும்.

இந்த ஒரு கருத்தைப் புரிந்துகொண்டவருக்கு முதல் பன்னிரண்டு நகர்வுகளும் தாமே நினைவில் நிற்கும். புரியாதவருக்கோ அவை பொருளற்ற எழுத்துகளும் எண்களும் மட்டுமே. சங்கிலியின் ஒரு கண்ணி நழுவினாலும் மற்றவையெல்லாம் சிதறிவிடும். நினைவு நிலைத்திருப்பதற்கே பொருளுணர்ச்சி தேவை என்பதை இங்கே காண்கிறோம்.

பன்னிரண்டாம் நகர்வில் அரோனியன் தம் குதிரையை முன்னே பாய்ச்சி, கறுப்பு அரசனின் அருகிலிருந்த சிப்பாயைக் குறிவைத்தார். அதைக் காப்பதே எவருக்கும் முதலில் தோன்றும். ஆனந்த் காக்கவில்லை, மந்திரியின் பார்வையை மறைத்துக்கொண்டிருந்த சிப்பாயை ஓரடி முன்னே தள்ளினார். அடைபட்ட மந்திரிக்கு வாயில் திறந்தது. வெள்ளைக் குதிரை சிப்பாயை வெட்டி, அடுத்து யானையை வெட்ட ஆயத்தமாயிற்று. அதற்கும் ஆனந்த் அஞ்சவில்லை. தம் குதிரையை வெள்ளை அரசனின் வாயிலுக்கே கொண்டு சென்றார்.

நான்கு காய்கள் ஆபத்தில்

பதினாறாம் நகர்வு இந்த ஆட்டத்தின் உச்சம். ஆனந்த் தம் இரண்டாம் குதிரையை நடுக்களத்தில் வெள்ளைச் சிப்பாய் வெட்டக்கூடிய கட்டத்தில் வைத்தார். அப்போதைய நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கறுப்பின் யானையை ஒரு குதிரை தாக்குகிறது. முன்னே நிற்கும் கறுப்புக் குதிரையை ஒரு மந்திரி தாக்குகிறது. நடுவிலுள்ள மற்றொரு குதிரையையும், அதற்குச் சற்று அப்பால் நிற்கும் கறுப்பு மந்திரியையும் சிப்பாய்கள் தாக்குகின்றன. ஒரே நேரத்தில் நான்கு காய்கள் வெட்டுக்கு உள்ளாகும் நிலையில் நிற்கின்றன. ஆயினும் உண்மையில் ஆபத்தில் இருப்பது வெள்ளை அரசனே.

வெள்ளைச் சிப்பாய் நடுக்களத்துக் குதிரையை வெட்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? கறுப்பு அரசி எதிரே இருந்த சிப்பாயை வெட்டிச் ‘செக்’ வைக்கும். அரசன் மூலையில் ஒதுங்கினால், அரசி துணிந்து அவனருகே சென்று தன்னையே பலியிடும். வெள்ளை யானை அதை வெட்டியே தீர வேண்டும். வெட்டியவுடன் அந்த யானையே அரசன் தப்பிச் செல்ல வேண்டிய கட்டத்தை அடைத்துவிடும். அப்போது கறுப்புக் குதிரை ஒரே பாய்ச்சலில் ஆட்டத்தை முடித்துவிடும். தன் காய்களாலேயே சூழப்பட்டு மூச்சுத்திணறி வீழும் அரசனின் இந்தக் காட்சி புதியதன்று. 1497ஆம் ஆண்டில் ஸ்பெயினில் லூசேனா அச்சிட்ட சதுரங்க நூலிலேயே இவ்வகை முடிவு இடம்பெற்றுள்ளது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வீரர்களின் நினைவில் வாழ்ந்துவரும் வடிவம் அது.

அரோனியன் அந்தக் கண்ணியில் சிக்கவில்லை. வேறு வழியில் யானையை வெட்டினார். ஒரு யானை குறைந்த நிலையிலும் ஆனந்த் அவசரப்பட்டு எதிரியின் குதிரையை வெட்டிவிடாமல், ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே தள்ளித் தம் தாக்குதலை உறுதிப்படுத்திக்கொண்டார். இத்தகைய அமைதியான நகர்வுகளை ஆடுவதே கடினம். இழந்ததை உடனே மீட்க வேண்டும் என்னும் ஆசையை அடக்கத் தெரிந்தவரே அவற்றை ஆட முடியும்.

இறுதி நகர்வில் கறுப்பு மந்திரி ஒன்று, வெள்ளை அரசி தன் அரசனைக் காத்து நின்ற பாதையின் குறுக்கே வந்து நின்றது. அடுத்த நகர்வில் கறுப்பு அரசி முற்றுகையை முடித்துவிடும். அரசனுக்கு முன்னிருந்த சிப்பாய் அவ்வரசியை வெட்ட இயலாது; ஏனெனில் அச்சிப்பாய் அசைந்தால், பலகையின் மறுகோடியில் நிற்கும் மற்றொரு கறுப்பு மந்திரியின் பார்வை நேரே அரசன்மீது விழும். அந்த மந்திரி எது? தொடக்கத்தில் அடைபட்டுக் கிடந்ததே அது. பத்தாம் நகர்வில் தன் இடத்துக்கு வந்தபின் ஆட்டம் முடியும்வரை அது ஓரடியும் நகரவில்லை. ஆனால் அதன் பார்வையே ஆட்டத்தை முடித்தது. தொடக்கத்தில் கற்ற கருத்து முடிவில் பயன் தந்தது.

தெரியுமா?

1907ஆம் ஆண்டு போலந்தின் வூட்ஜ் நகரில் ரோட்லெவி என்பவருக்கு எதிராக ரூபின்ஸ்டைன் கறுப்புக் காய்களோடு ஆடிய ஆட்டம் ‘ரூபின்ஸ்டைனின் அழியா ஆட்டம்’ எனப் போற்றப்படுகிறது. அதில் அவர் அரசியையும் பலிகொடுத்து, இரண்டு மந்திரிகளின் பார்வையை மூலையில் ஒதுங்கிய வெள்ளை அரசன்மீது குவித்து வென்றார். 106 ஆண்டுகளுக்குப் பின் ஆனந்த் ஆடிய ஆட்டத்திலும் இரு மந்திரிகள் அதே திசைகளிலிருந்து அரசனை நோக்கின.

உழைப்பு வீணாவதில்லை

இந்த வெற்றியின் பின்னணியில் ஒரு செய்தி உண்டு. 2012 மே மாதம் மாஸ்கோவில் போரிஸ் கெல்ஃபாண்டுடன் ஆனந்த் உலக வாகையர் பட்டத்துக்காக மோதினார். அதற்காக அவரும் அவருடைய குழுவினரும் மாதக்கணக்கில் ஆய்வு செய்தனர். டென்மார்க்கின் பீட்டர் ஹெய்ன் நீல்சன், உஸ்பெகிஸ்தானின் ருஸ்தம் கசிம்ஜானோவ், போலந்தின் ராடொஸ்லாவ் வொய்டாசெக், கொல்கத்தாவின் சூர்யசேகர் கங்குலி ஆகியோர் அக்குழுவில் இடம்பெற்றிருந்தனர். பன்னிரண்டு ஆட்டங்கள் 6–6 என்னும் கணக்கில் சமனாக முடிய, விரைவு ஆட்டங்களில் ஆனந்த் வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். அரோனியனுக்கு எதிராக அவர் ஆடிய கருத்து கெல்ஃபாண்டுக்காக ஆயத்தம் செய்யப்பட்டது. ஆனால் மாஸ்கோவில் அதை ஆடும் வாய்ப்பே வாய்க்கவில்லை. எட்டு மாதங்கள் கழித்து, வேறோர் ஊரில், வேறோர் எதிரியின் முன் அது பயன்பட்டது.

மாணவர்களுக்கு இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. தேர்வுக்காக ஒரு பாடத்தை முழுமையாகப் படித்திருப்பீர்கள். வினாத்தாளில் அதிலிருந்து ஒரு வினாவும் வந்திராது. “படித்தது வீண்” என்று சலித்துக்கொள்வது இயல்பு. ஆனால் உண்மையாகக் கற்றது வீணாவதில்லை. எந்தத் தேர்வுக்காகக் கற்றோமோ அந்தத் தேர்வில்தான் அது பயன்பட வேண்டும் என்பது இல்லை.

மறுப்புரைகளும் விடைகளும்

இக்கருத்துக்கு மாறாகச் சிலர் வாதிடுவர். அவ்வாதங்களை ஒதுக்கிவிட முடியாது.

முதலாவது வாதம்: “இவையெல்லாம் கணினி கண்டுபிடித்த நகர்வுகள், வீரர் அவற்றை ஒப்பித்தார், அவ்வளவே.” கணினி அக்காலத்தில் எல்லா முன்னணி வீரர்களிடமும் இருந்தது. ஒரே கருவியை வைத்திருந்த இருவருள் ஒருவர் மட்டும் ஒன்றைக் கண்டடைந்தது எவ்வாறு? எங்கே தேட வேண்டும், எதை ஐயுற வேண்டும், கருவி காட்டும் ஆயிரம் வழிகளுள் எதிரியைத் திகைக்கவைப்பது எது என முடிவு செய்தவர் மனிதரே. மேலும், ஆடுகளத்தில் கணினி உடனிருப்பதில்லை. மாதங்கள் கடந்தபின், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கையில், நான்கு காய்களை வெட்டுக்கு விட்டுவிட்டு நிலைகுலையாமல் அமர்ந்திருக்க வெறும் நினைவு துணைசெய்யாது. ஏன் அவ்வாறு ஆடுகிறோம் என்னும் தெளிவு வேண்டும்.

இரண்டாவது வாதம் வலிமையானது. அதை முன்வைத்தவர் முன்னாள் உலக வாகையரான பாபி ஃபிஷர். தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்யும் வழக்கம் சதுரங்கத்தின் உயிரையே போக்கிவிடுகிறது என்று அவர் கருதினார். ஆகவே 1996இல், பின்வரிசைக் காய்களின் இடங்களைக் குலுக்கலில் மாற்றியமைத்து ஆடும் புதியமுறை ஒன்றை அறிவித்தார். அம்முறையில் 960 தொடக்க நிலைகள் உண்டு. எவராலும் அனைத்தையும் உருப்போட முடியாது. அவருடைய குறை நியாயமானதே. புத்தகத்திலுள்ளதை ஒப்பித்துவிட்டுச் சமனுக்குக் கைகுலுக்கி எழும் ஆட்டங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் முன்னோர் சேர்த்து வைத்த அறிவைப் பயனற்றதாக்குவது அதற்குத் தீர்வாகாது என்பதே என் எண்ணம். மொழியைக் கற்பவர் சிலர் பிறர் சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள் என்பதற்காக, ஒவ்வொரு நாளும் அகரவரிசையை மாற்றி எழுதுவோமா? லூசேனா, ரூபின்ஸ்டைன் ஆகியோரின் நினைவு இல்லையேல் விக் ஆன் ஜீயில் அந்த ஆட்டம் பிறந்திருக்காது.

மூன்றாவது வாதத்தை வரலாறே முன்வைத்தது. அதே 2013ஆம் ஆண்டு நவம்பரில், சென்னையில் ஆனந்த் தம் பட்டத்தை நார்வேயின் மாக்னஸ் கார்ல்சனிடம் 6½–3½ என்னும் கணக்கில் இழந்தார். கார்ல்சன் தொடக்கத்திலேயே எதிரியை வீழ்த்த முயலவில்லை. புத்தகம் விரைவில் முடியுமாறு எளிய வழிகளைத் தேர்ந்தார். ஐந்தாம், ஆறாம் ஆட்டங்களை நீண்ட இறுதியாட்டங்களுக்கு இட்டுச் சென்று வென்றார். தொடக்க அறிவு வாயில்வரை கொண்டுபோய் விடும். அதற்கப்பால் நடக்க வேண்டியவை நம் கால்களே என்பதை அப்போட்டி காட்டியது. இது என் கருத்துக்கு எதிரான சான்று அன்று. அதன் மற்றொரு பாதி. நினைவு தேவை, நினைவு மட்டும் போதாது.

வகுப்பறைக்குத் திரும்புவோம்

நம் மரபு நினைவாற்றலை இழிவாகக் கருதியதில்லை. திண்ணைப் பள்ளிகளில் மாணவர் எண்சுவடியை மனனம் செய்தனர். சொற்பொருள் கூறும் நிகண்டுகள் செய்யுள் வடிவில் இயற்றப்பட்டதற்கு, அவை எளிதில் நெஞ்சில் நிற்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். ஒரே நேரத்தில் பலவற்றில் கருத்தைச் செலுத்தும் கவனகக் கலை போற்றி வளர்க்கப்பட்டது. கற்றது நெஞ்சில் இருந்தால்தான், வேண்டும்போது அது கைகொடுக்கும். வாய்பாடு நினைவில் இல்லாதவர் ஒவ்வொரு பெருக்கலிலும் தடுமாறிக்கொண்டிருக்க, கணக்கின் உட்பொருளைச் சிந்திக்க அவருக்கு நேரம் எங்கே? நல்ல சொற்களை நெஞ்சில் சேர்த்து வைக்காதவர் எதைக் கொண்டு எழுதுவார்?

ஆயினும் இன்று நம் வகுப்பறைகளில் நிகழ்வது பெரும்பாலும் மனனம் அன்று, உருப்போடுதல். வினாவின் சொற்களைச் சற்றே மாற்றினால் போதும். விடை தெரிந்த மாணவரும் எழுதாமல் விட்டுவிடுகிறார். பல ஆண்டுகளாக விடைத்தாள்களைத் திருத்திவரும் ஆசிரியர் அனைவரும் இதைக் கண்டிருப்பர். ஒரு கட்டுரையின் இரண்டாம் பத்தி மறந்துபோனதால் மூன்றாம் பத்தியும் எழுதப்படாமல் வெறுந்தாளாகக் கிடப்பதைக் காணும்போது மனம் வருந்துகிறது. அந்த மாணவர் உழைக்காதவர் அல்லர். இரவெல்லாம் விழித்துப் படித்தவராகவும் இருக்கலாம். நகர்வுகளை மட்டும் கற்றார். மந்திரியை ஏன் விடுவிக்க வேண்டும் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. எதிரி புத்தகத்தில் இல்லாத ஒரு நகர்வை ஆடியவுடன் அவர் திகைத்து நின்றுவிட்டார். அக்குறை அவருடையது மட்டுமன்று. விடையை மட்டும் கேட்டு, காரணத்தைக் கேளாத நம் கற்பித்தலுக்கும் வினாத்தாளுக்கும் அதில் பங்குண்டு.

இக்குறை தீர வழி எளியது. ஒவ்வொன்றையும் நெஞ்சில் ஏற்றும்போது, “இது ஏன் இங்கே வருகிறது? இது இல்லையேல் என்ன ஆகும்?” என்னும் இரு வினாக்களை எழுப்பிப் பாருங்கள். விடை கிடைத்தால் அது உங்கள் உடைமை. கிடைக்கவில்லையேல் ஆசிரியரைக் கேளுங்கள், கேட்கத் தயங்காதீர்கள். சூத்திரமாயினும் செய்யுளாயினும் வரலாற்று ஆண்டாயினும் இச்சோதனை பொருந்தும். ஆசிரியராகிய நாங்களும் எங்கள் பங்கைச் செய்தாக வேண்டும். பதினொன்றாம் வகுப்பு மாணவர் “ஏன்?” என்று கேட்கும்போது, “தேர்வுக்கு இது தேவையில்லை” என்னும் விடையை எங்கள் நாவிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

உங்கள் முன் பொதுத்தேர்வுகள் இருக்கின்றன. அவற்றுக்கப்பால் கல்லூரி, பணி, வாழ்க்கை. எந்த நூலும் இவை அனைத்துக்கும் விடை எழுதி வைத்திருக்கவில்லை. புத்தகம் முடியும் இடம் எல்லார்க்கும் ஒருநாள் வரும். அதுவரை நடக்க நினைவு வேண்டும். அதன்பின் நடக்க, நினைவில் உள்ளவற்றின் பொருள் தெரிந்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேரப் பெறுவதையே கற்றல் என்கிறோம்.

கற்பவை கற்றபின்…

1. நீங்கள் மனப்பாடமாக அறிந்த ஒரு சூத்திரத்தையோ செய்யுளையோ தேர்ந்துகொண்டு, அதன் ஒவ்வொரு பகுதியும் ஏன் அவ்விடத்தில் அமைந்துள்ளது என வகுப்பில் விளக்குக.
2. ‘தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்வது சதுரங்கத்தின் உயிரைப் போக்குகிறது’ என்னும் ஃபிஷரின் கருத்தை ஆதரித்தும் மறுத்தும் இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.
3. ‘உண்மையாகக் கற்றது வீணாவதில்லை’ என்பதற்கு உங்கள் ஊரிலுள்ள கைவினைஞர் அல்லது தொழிலாளர் ஒருவரிடம் உரையாடிச் சான்று திரட்டி ஒரு பக்க அளவில் எழுதுக.